ஒரு நாள் மணல்

அத்தியாயம் 12

காலை ஜெபத்தை முடித்து ஆமென் சொன்ன அதே மூச்சில் மெர்சி சொன்னாள்: "அந்தப் புள்ளைய இன்னிக்கி வெயில்ல இட்டுக்கினு போனீங்கன்னா, அப்புறம் நான் யாருன்னு பாப்பீங்க."

அவள் யாரென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். உங்களுக்கும் பதினோரு வாரமாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெர்சி, ஜீவாவின் அக்கா. கணவருக்கு பெங்களூரில் வேலை. பிள்ளை இல்லை. வருஷத்தில் பத்து மாதம் ஆம்பூரில் தம்பி வீட்டில்தான் வாசம்.

ஜீவாவின் மனைவி கிறிஸ்டினா, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். அவள் வேலைக்குப் போனதும் நான்கரை வயது மகள் ஷெரினை மெர்சிதான் வளர்க்கிறாள். வளர்ப்பது என்பது மெர்சியின் சொல். குழந்தையை உள் அறையில் விட்டு, கையில் செல்போனைக் கொடுத்து, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போடுவதற்கு வேறு சொல் உண்டு. அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது என்பதால் கிறிஸ்டினா சொன்னதில்லை.

போன வாரம் வேலூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஷெரினுக்கு ஏ முதல் இசட் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வராது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாளே தவிர, வாய் திறந்து கேட்க மாட்டாள். டாக்டரம்மா அவளை நடக்கவிட்டுப் பார்த்தார், பந்தை உருட்டிவிட்டுப் பார்த்தார், கடைசியில் பேனாவை மூடினார்.

"இவளுக்கு நோய் எதுவும் இல்லம்மா. அடைச்சு வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான். தினமும் வெளிய விடுங்க. மண்ணை அள்ளட்டும், ஓடட்டும், விழட்டும், மத்த பிள்ளைங்களோட சண்டை போடட்டும். காலுக்கு பலமும் அங்கதான் வரும், பேச்சும் அங்கதான் வரும். மாத்திரையில வராது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மெர்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மண்ணுல வெளையாடறதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு சீட்டு! அப்போ தெருப் புள்ளைங்க எல்லாம் கலெக்டரா ஆயிட்டாங்களா?" மறுநாளும் தாழ்ப்பாள் விழுந்தது.

அப்படியிருக்க, இன்று ஷெரினை வெளியே கிளப்பியது டாக்டரின் சீட்டு அல்ல. ஆடிட்.

ஜீவாவும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான், தொழிலாளர் நலப் பிரிவில். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பிக் கம்பெனியைப் பார்ப்பார்கள். அன்று மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால், பூட்டியே கிடக்கும் விளையாட்டு முற்றம் திறக்கும். அதன் சாவி மற்ற நாளெல்லாம் ஜீவாவின் மேஜை இழுப்பறையில்தான் தூங்கும். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் அவன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவது அவனுக்கு ஆகாது.

"இருபது புள்ளைங்க காட்டணும்க்கா. பத்தொம்போதுதான் இருக்குது. ஒண்ணு கம்மி," என்றான் ஜீவா. "மூணு மணிக்கு நானே கொண்டாந்து விட்டுடறேன். ஒரு நாள்தான?"

"கறுத்துப் போயி வரும் பாரு. அடுத்த மாசம் எல்கேஜி இன்டர்வியூ. கரிக்கட்ட மாரி போயி நின்னா எவன் சேத்துப்பான்?"

"தொப்பி போட்டு விடறேன்."

"தொப்பி போட்டா மூள வளருமா? நடக்கவே தெரியாத மந்தம். அங்க போயி மானத்த வாங்கப் போவுது."

குழந்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிறது என்பது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. கிறிஸ்டினா குனிந்து மகளுக்கு ஷூ மாட்டினாள். கோபம் வந்தது, ஆனால் இன்று வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

காரியம் இதுதான். காப்பகத்து டீச்சர் ஜஹீதா முந்தாநாள் அவளிடம் காதோடு சொல்லியிருந்தார்: "ஆடிட்டர் முன்னாடி ரிஜிஸ்டர்ல பேர் ஏறிச்சுன்னா அப்புறம் எவராலயும் அடிக்க முடியாது கிறிஸ்டினா. லிஸ்ட்ட அவங்க எடுத்துக்கினு போய்டுவாங்க. மறுநாள்லருந்து தெனமும் நீ புள்ளைய இட்டாரலாம். ஒன் வூட்டுக்காரரே கையெழுத்து போட்டுச் சேத்த மாரி ஆயிடும்."

தினமும். அந்த ஒரு வார்த்தைக்காகக் கிறிஸ்டினா நாத்தனாரின் பேச்சை எல்லாம் விழுங்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி, கம்பெனி பஸ் ஏறினாள்.

காப்பகத்தில் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. நடத்தியது ஜீவா.

"ஆன்ட்டி வந்து, தெனமும் வெளிய வெளையாடுவீங்களான்னு கேட்டா இன்னா சொல்லணும்?"

"தெனமு...ம்!"

"சத்தமா."

"தெனமு...ம்!"

ஜஹீதா டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷமாக அந்தச் சாவியைக் கேட்டுக் கேட்டு அவர் வாய் வலித்ததுதான் மிச்சம். "உள்ள சார்ட்டக் காட்டி கனம், லேசுன்னு கத்துக் குடுக்கச் சொல்றீங்க ஜீவா சார். ஒரு டப்பால ஈர மண்ணு, ஒரு டப்பால காஞ்ச மண்ணு குடுத்தா அதுங்களே சொல்லிடும்," என்று ஒரு முறை சொன்னார். "நீங்க டீச்சரா, கொத்தனாரா?" என்று ஜீவா கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரிஜிஸ்டரில் இருபதாவது பெயரை ஜீவா தன் கையாலேயே எழுதினான். ஷெரின். தகப்பன் பெயர், தாய் பெயர், கையெழுத்து. கிறிஸ்டினா அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு தன் தையல் லைனுக்கு ஓடினாள்.

பத்தரை மணி டீ பிரேக்கில் டீ குடிக்காமல் முற்றத்துக்கு வந்தாள். ஒரு புங்க மரம், ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், செங்கல் கட்டி நிரப்பிய மணல் தொட்டி. நேற்று மாலைதான் புது மணல் கொட்டியிருந்தார்கள். பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு அதற்குள் விழுந்து புரண்டார்கள். ஷெரின் மட்டும் செங்கல் ஓரத்தில், ஷூவும் தொப்பியுமாக, சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அரை மணி நேரமாக அப்படித்தானாம்.

"போடி கண்ணு, போ," என்று கிறிஸ்டினா கையைப் பிடித்தாள்.

"தள்ளாத," என்றார் ஜஹீதா. "பாக்கட்டும். அதுக்கு வேணும்னு தோணினா அதுவே எறங்கும். நீ போ, லேட்டாவுது."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே ஓடி வந்தாள். தொப்பி ஒரு மூலையில் கிடந்தது. ஷூ எங்கே என்றே தெரியவில்லை. ஷெரின் தொட்டிக்கு நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜஹீதா, கம்பெனி கழித்துப் போட்ட லாஸ்ட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற, கால் வடிவத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கட்டைகள். அதை மணலில் அழுத்தி எடுத்தால் ஒரு பாதம் பதியும். ஷெரின் பெரிய ஆள் லாஸ்ட் ஒன்றை இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்தாள். பதிந்த பாதத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, பக்கத்தில் தன் காலை வைத்து அழுத்தினாள்.

"எங்காலு சின்னது," என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இல்லை. யாரும் ஒப்பிக்கச் சொல்லவும் இல்லை. கிறிஸ்டினாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான்கரை வருஷத்தில் தன் மகள் தானாக யோசித்துத் தானாகச் சொன்ன முதல் பேச்சு அது. பக்கத்திலிருந்த சிறுமி சஹர், "எங்காலு ஒன்ன விடப் பெருசு," என்று காலைப் பதித்தாள். ஷெரின் அவளைத் தள்ளினாள். சஹர் திருப்பித் தள்ளினாள். ஷெரின் சறுக்குப் பக்கம் விழுந்து முட்டி சிராய்த்து, எழுந்து, மறுபடி மணலுக்குப் போனாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது அத்தனையும் ஐந்து நிமிஷத்தில் நடந்துவிட்டது.

ஆறாவது நிமிஷம் ஷெரின் வீறிட்டாள்.

முட்டிச் சிராய்ப்பு ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பாதம் இரண்டும் சிவந்து, விரல் இடுக்கில் தோல் கிழிந்திருந்தது. மற்ற பிள்ளைகள் கையைச் சொறிந்தார்கள், அவ்வளவுதான். தெருவில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால்கள். ஷெரினின் கால் தரையையே பார்த்ததில்லை.

ஜஹீதா ஒரு சிட்டிகை மணலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "யா அல்லா! உப்பு!"

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தேய்த்துத்தான் தோல் பதனிடும் டேனரிக்கு வரும். ஊற வைக்குமுன் பின்புறத்து மண்ணில் போட்டு அந்த உப்பை உதறுவார்கள். மயிரும் அழுக்கும் உப்பும் கலந்த அந்த மண்தான் இருபது பிள்ளைகளுக்கு விளையாடக் கொட்டியிருந்தது. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் முற்றத்துக்குள் காலெடுத்து வைத்ததும் மூக்கே காட்டிக் கொடுத்திருக்கும். ஆம்பூர் மூக்குக்கு அந்த வாடை காற்றோடு சேர்த்தி. கொட்டிய டிரைவருக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை, நிரவிய ஆளுக்குத் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஆடிட்டரம்மாவுக்குத் தெரிந்தது. முற்றத்து வாசலிலேயே கைக்குட்டையை எடுத்தார்.

"இங்க என்ன இப்படி நாறுது?"

"நாறுதா மேடம்?" என்று மேனேஜர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். உடன் வந்த நான்கு பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் மற்ற பிள்ளைகளைக் கை கால் கழுவி உள்ளே அனுப்பியாகிவிட்டது. தாயின் இடுப்பில் அழுதுகொண்டிருந்த ஷெரினின் கால் மட்டும் ஆடிட்டரின் கண்ணில் பட்டது.

"இந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?"

"எம்பொண்ணுதான் மேடம்," என்று முந்திக்கொண்டான் ஜீவா. "அதுக்குப் பொறந்ததுலருந்தே தோல் வியாதி."

"நீங்க ஸ்டாஃப். நீங்க சொல்றத நான் எழுத முடியாது. அம்மா எழுதிக் கொடுக்கட்டும். பத்து நிமிஷத்துல வர்றேன்."

ஜீவா கிறிஸ்டினாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். ஒரு தாளில் மளமளவென்று எழுதி நீட்டினான். என் மகள் ஷெரினுக்குப் பிறவியிலேயே தோல் வியாதி உண்டு. மண்ணிலும் வெயிலிலும் விடக் கூடாது என்று தெரிந்தும் அழைத்து வந்தது என் தவறு.

"கையெழுத்து போடு."

"இதுல போட்டா காப்பகத்துல சேத்துக்க மாட்டாங்கங்க. தோல் வியாதி இருந்தா எடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்குது. பேர அடிச்சிருவாங்க."

"அடிச்சா அடிக்கட்டும். ஒரு நாளைக்குத்தான கொண்டாந்தோம்?"

"மண்ணு எங்கருந்து எடுத்தீங்க?"

"ஆத்து மண்ணு கெடைக்கலன்னான் டிரைவர். டேனரி பின்னால கெடக்கறத அள்ளிக் கொட்டுன்னேன். இப்ப இன்னா அதுக்கு?"

"ஒங்க புள்ள அது! காலப் பாருங்க!"

அவன் பார்க்கவில்லை. செல்போனை எடுத்து அக்காவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டான். மெர்சி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். குழந்தையின் அழுகையையும் கேட்டிருப்பாள்.

"நல்லா எரியட்டும்," என்றது செல்போன். "அப்பத்தான் அவங்க அம்மாளுக்கு புத்தி வரும். கையெழுத்து போடச் சொல்லுடா. எந்தம்பி வேலைக்கு எதனா ஆச்சு, அவ எங்க வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. பெத்தது மட்டும்தான் அவ. இந்தப் புள்ளைக்கு நான்தான் எல்லாம்."

"கேட்டியா?" என்றான் ஜீவா. பேனாவை அவள் விரலுக்குள் திணித்து, விரலோடு சேர்த்து இறுக்கினான். வலித்தது. "போட்டா வூடு. போடலன்னா வூடு கெடையாது."

கிறிஸ்டினாவுக்குப் பயம். ஏழு வருஷமாக இந்த மனிதனிடமும் இவன் அக்காவிடமும் அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்தான். அந்தப் பயத்தோடேயே பேனாவைக் கீழே போட்டாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேரே மணல் தொட்டிக்குப் போனாள். ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு ஆடிட்டரம்மாவின் முன் நீட்டினாள்.

"எம்பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்ல மேடம். நாக்குல வெச்சுப் பாருங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா ஒரு துளியை நாக்கில் வைத்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜஹீதா டீச்சருக்கு தைரியம் வந்துவிட்டது. "இந்த வெளையாட்டு முத்தத்த வருஷத்துல ஒரு நாள்தான் தெறக்கறாங்க மேடம்," என்று அவரும் போட்டு உடைத்தார்.

அடுத்த அரை மணி நேரம் ஜீவாவின் வாழ்க்கையில் மோசமான அரை மணி நேரம். மணல் இன்றே போக வேண்டும். சுத்தமான மணல் வர வேண்டும். முற்றத்துச் சாவி டீச்சரிடம் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பிள்ளைகள் வெளியே விளையாட வேண்டும். "இருபது பேர் லிஸ்ட் என்கிட்ட இருக்கு. நாளையிலேர்ந்து ஒவ்வொரு அம்மாவுக்கா நானே போன் பண்ணிக் கேப்பேன்," என்றார் ஆடிட்டர். மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஜீவாவின் சாவிக்கொத்தை வாங்கி ஜஹீதாவிடம் கொடுத்தார். "நாளைக்கு நீ கோடவுன்ல அட்டைப்பெட்டி அடுக்கு," என்றார். ஜீவா மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஜஹீதா ஷெரினின் காலை மூன்று தண்ணீரில் கழுவித் தேங்காயெண்ணெய் தடவினார். "இருபதாவது பேரு. இனிமே அடிக்க முடியாது. நாளைக்கி இட்டா."

"நாளைக்கி வரியா கண்ணு?" என்று கிறிஸ்டினா கேட்டாள்.

ஷெரின் விசும்பிக்கொண்டே தலையை ஆட்டினாள். "வர்றேன்."

அன்று மாலைவரை கிறிஸ்டினா தைத்த ஒரு தையல்கூடக் கோணவில்லை. வீடு போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிள்ளை பேசிவிட்டாள், இனி தினமும் பேசுவாள்.

ஐந்தரைக்குக் காப்பகத்துக்குப் போனால் ஜஹீதா மட்டும் நின்றுகொண்டிருந்தார். "மூணு மணிக்கே அவங்கப்பா வந்து இட்டுக்கினு போய்ட்டாரு. தகப்பன்னு வந்து நின்னா நான் எப்டிம்மா தடுக்கறது?"

"வூட்டுக்குத்தான இட்டுக்கினு போயிருப்பாரு," என்று கிறிஸ்டினா சொன்னாள். சொன்னாளே தவிர, பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் ஆம்பூர்வரை நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் ஜீவா டிவி பார்த்துக்கொண்டிருந்தான். உள் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அலமாரியில் ஷெரினின் தட்டு காலி. கவுனும் இல்லை, டவலும் இல்லை.

"ஷெரின் எங்க?"

"அக்கா இட்டுக்கினு போய்ட்டாங்க. பெங்களூருக்கு. நாலு மணி வண்டி." அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கியே ஸ்கூல்ல சேத்துடுவாங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன். தகப்பன் கையெழுத்து போதும்."

எழுதுவது ஆகாதவன், இதை எழுதியிருக்கிறான்.

கிறிஸ்டினா மெர்சிக்கு போன் அடித்தாள். நான்கு முறை மணி அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை எடுத்தாள். ரயில் சத்தம்.

"அண்ணி, புள்ளையக் குடுங்க. ஒரு வார்த்தை பேசறேன் அண்ணி."

"இன்னாத்துக்கு? ரொம்பப் பேசறா இப்ப. மத்தியானத்துலருந்து வாய் ஓயல, காது வலிக்குது." மெர்சியின் குரலில் கோபமே இல்லை, நிம்மதி இருந்தது. "எங்க வூடு ஏழாவது மாடி கிறிஸ்டினா. பால்கனி பூரா வல போட்டிருக்கோம். கீழ எறங்க வேலையே இல்ல. கால் இனிமே பத்திரமா இருக்கும், நீ கவலப்படாத."

பின்னாலிருந்து, சத்தத்துக்கு மேலே, ஒரு சின்னக் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா! கால் எரியுது! நாளைக்கி மண்ணுக்குப் போலாம்மா!"

"வாய மூடு," என்றாள் மெர்சி. பளாரென்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தபோது செல்போன் அணைந்திருந்தது.

நாத்தனார் வருஷா வருஷம் போய் வருகிற பெங்களூர் வீட்டுக்குக் கிறிஸ்டினாவை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. ஊர் தெரியும். ஏழாவது மாடி என்று இன்றைக்குத் தெரிந்தது. தெருவோ கட்டடமோ தெரியாது.

"அட்ரஸ் சொல்லுங்க," என்றாள்.

ஜீவா சத்தத்தைக் கூட்டினான்.

அவள் போய் டிவியின் ஸ்விட்சை அணைத்தாள். கல்யாணமான ஏழு வருஷத்தில் முதல் தடவை. "அட்ரஸ் சொல்லுங்க. கால்ல விழறேன், சொல்லுங்க."

ஜீவா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான்.

"நாளைக்கி ஆடிட்டரம்மா ஒனக்கு போன் பண்ணும்ல? ஒம்பொண்ணு தெனமும் வெளிய வெளையாடறாளான்னு கேக்கும்ல, அப்ப அட்ரஸ நீயே அதுகிட்ட கேட்டுக்கோ."